ஓர் எழுத்து போதும்

மாடி வீட்டுக் கணக்கருக்கு இணையத்தில் முழுச்சொல் அடிப்பது கௌரவக் குறைச்சல். ஓர் எழுத்தைத் தட்டினால், முன்பு தேடியவை கடிகாரக் குறியோடு வந்து நிற்கும். “மிச்சத்த அதுவே சொல்லிடும்” என்று தெருவெல்லாம் பீற்றிக்கொள்வார். “ஆமா, மலையையே புரட்டிட்டீங்க” என்பாள் மனைவி.

மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர், அது போய்ச் சேரும் நேரம் பார்க்க ‘ப’ தட்டினார். ‘பாலம் உடைந்து ஆற்றில் விழுந்த பஸ்’ என்று வந்தது. அவர் அப்படித் தேடியதே இல்லை. ஆனாலும் கடிகாரக் குறி இருந்தது. பதறிப்போய் அந்தத் தேடலையே பட்டியலிலிருந்து அழித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

“உடனே இறங்கிடும்மா.”

“எங்கப்பா இறங்குறது? நடுப்பாலத்துல போயிட்டிருக்கோம்.” சிரித்தாள். இணைப்பு அறுந்தது. அதன்பின் கிடைக்கவேயில்லை.

“எப்பங்க போய்ச் சேருவா?” என்றாள் மனைவி.

அவர் ‘ப’ தட்டினார். எதுவும் வரவில்லை. முதல்முறையாக, ஒவ்வோர் எழுத்தாக, முழுவதையும் அவரே அடித்தார்: பாலம் உடைந்து…