ஒட்டுக் கட்டிய பேராசிரியர்

எழிலனின் பிடரியில் பொருத்தியிருந்த கருவி திடீரென்று வீறிட்டு அலறியது. நறுமுகையின் கையிலிருந்த தோசைக்கரண்டி நழுவி விழுந்தது.

அவள் கணவன் எழிலன் வேளாண் கல்லூரியில் பழமரத்துறைத் தலைவராகி ஒரு வருஷம் ஆகிறது. இறந்துபோன பேராசிரியர் சந்தானத்தின் நினைவுகளைத் தன் மூளையில் ஒட்டுக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததற்காகக் கல்லூரி கொடுத்த பதவி. அன்றிலிருந்து மாமரங்களைப் பற்றி அருவியாகக் கொட்டினான். அவளைப் பார்த்தால் மட்டும், "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

இப்போது அந்த அலறலுக்கு நடுவே அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நறு, என்னடி இப்படி நிக்கிற? தோசை கருகுது பாரு!"

ஒரு வருஷத்துக்குப் பிறகு காதில் விழுந்த "டி". அவள் ஓடிப்போய் அவனை இறுகக் கட்டிக்கொண்டாள்.

வாசலில் கல்லூரி வண்டி வந்து நின்றது. உள்ளே வந்த டெக்னீஷியன் அலாரத்தை அணைத்துவிட்டுத் தன் பெட்டியைத் திறந்தான்.

"என்ன ஆச்சு இவருக்கு?" என்றாள் நறுமுகை.

"பயப்படாதீங்க மேடம். ஒட்டு மாங்கன்னுல ஒட்டுக்குக் கீழ துளிர்த்தா, மேல கட்டினது வீணாயிடும்னு கிள்ளிப் போடுவோம்ல? அதேதான். சாரோட சொந்த நினைவு துளிர்க்குது. கொஞ்சம் அவரை விடுங்க, கிள்ளிட்டுப் போயிடுறேன்."