பெண்கள் பக்கம்

அந்த வசனம் வந்ததுமே நான் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியது. சபையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது என்பது.

பிரசங்கியார் அதை மலையாளத்தில் வாசித்தார். தமிழில் சொல்வதற்காக மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மனைவி மகிமா.

பிரசங்கியார் கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'ஸ்தோத்திரம்' ஒன்றுதான். வழக்கமாக மொழிபெயர்க்கிற சகோதரர் குமுளியில் காய்ச்சலில் படுத்துவிட்டார். தேனிப் பக்கம் தேவாரம் ஊரில் எங்கள் சபை வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிற கூட்டம். பந்தல் போட்டாயிற்று, சோறும் வெந்தாயிற்று. மகிமா மலைக்கு மேலே, கேரளத்து வண்டன்மேட்டில் பிறந்து பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவள். வேறு வழியில்லை என்று பாஸ்டரே சொல்லிவிட்டார்.

சபை மூப்பர் இம்மானுவேலுக்கு மனசே இல்லை. கடைசியில் இரண்டு நிபந்தனை போட்டார்.

அவள் மேடையில் ஏறக் கூடாது. மைக்கைக் கீழே இறக்கிக் கொடுப்பார்கள், தரையில் நின்று பேச வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை நான்.

நான் மலைமேல் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஆண்கள் பக்கத்தில் மலையாளம் தெரிந்த ஒரே ஆள். மற்றவர்களெல்லாம் திராட்சை, வாழை, சந்தை என்று கீழேயே கிடப்பவர்கள், மலை ஏறியதில்லை. மூப்பர் என்னை முன்வரிசைப் பாயில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஏலே சுருளி, உன் பொண்டாட்டி சொல்றதுல ஒரு வார்த்தை பிசகுனாலும் கையத் தூக்கிரணும். வீட்டுல சோறு கெடைக்காதேன்னு பாக்கக் கூடாது."

வசனத்தை மகிமா பிசகாமல் சொன்னாள். மூப்பர் பைபிளில் விரல் வைத்துத் தொடர்ந்து, சரி என்று தலையாட்டினார். பெண் பேசக் கூடாது என்பதை ஒரு பெண் மைக்கில் அத்தனை கணீரென்று சொன்னது அவருக்கு விசித்திரமாகவே படவில்லை.

பிரசங்கியார் கண்ணை மூடிக்கொண்டு விளக்கத்தில் இறங்கினார்.

இயேசுவின் உடலில் பூசக் கல்லறைக்கு சுகந்தவர்க்கம் கொண்டுபோன பெண்களைப் பாருங்கள் என்றார். சுமந்து போவது, துடைப்பது, அழுவது. ஆண்டவர் பெண்ணுக்கு வைத்த வேலை அவ்வளவுதான், பிரசங்கம் ஆண்களுக்கு என்றார்.

சொல்லிவிட்டு மகிமாவுக்காகக் காத்திருந்தார்.

மகிமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த பார்வைதான். வீட்டில் ஏதாவது முடிவெடுத்துவிட்டு, எனக்குத் தகவல் சொல்லும்போது பார்ப்பாளே, அது.

"கல்லறைக்கு சுகந்தவர்க்கம் கொண்டுபோன பெண்களைப் பாருங்கள்" என்று ஆரம்பித்தாள். "சுமந்துதான் போனார்கள். ஆனால் திரும்பி வரும்போது செய்தியோடு வந்தார்கள். ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று உலகத்தில் முதல் பிரசங்கம் பண்ணியது பெண். போய்ச் சொல் என்று அனுப்பியது ஆண்டவர். அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நமக்கு ஏது சபை?"



மூப்பர் மெதுவாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

என் கை மடியில் இருந்தது. தூக்கினால் அவளை அந்த இடத்திலேயே உட்கார வைத்துவிடுவார்கள். அதன்பிறகு எங்கள் சபையில் எந்தப் பெண் கையிலும் மைக் போகாது.

கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பெருமை பாவம் என்று எங்கள் சபையில் அடிக்கடி சொல்வார்கள். தரையில் நின்ற அவள் மேடையைவிட உயரமாகத் தெரிந்தாள். அந்தப் பாவத்தை நான் முழுமனதோடு செய்தேன்.

பிரசங்கியார் ஒரு பிரசங்கம் செய்தார். மகிமா ஒரு பிரசங்கம் செய்தாள். இரண்டும் ஒன்றாகவே முடிந்தன, 'ஸ்தோத்திரம்' என்று.

மூப்பர் வெகுநேரம் யோசித்துவிட்டு பைபிளை மூடினார்.

"பெரிய ஊழியக்காரர் சொல்லிட்டாக. அவுக சொன்னா சரியாத்தேன் இருக்கும். இம்புட்டு நாளா நமக்குத்தேன் வெளங்கல." பெண்கள் பக்கம் கையைக் காட்டினார். "அங்கன பாரு, இன்னிக்கி ஒரு ஆமெனக் காணோம். இவுளுகளப் பத்தித்தேன் பேச்சு, இவுளுகளுக்கு எங்க வெளங்கப் போகுது?"

அவர் சொன்னது உண்மைதான். எப்போதும் ஆமென், அல்லேலூயா என்று பந்தலை அதிரவைக்கிற பக்கம் அது. மூப்பரின் மனைவி பொன்னாத்தாளின் ஆமென் பஸ் ஸ்டாண்ட் வரை கேட்கும். அன்றைக்கு அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பாயைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மற்றவர்களும் அப்படித்தான்.

ஜீப் ஓட்டுகிறவனுக்கு மலையாளம் தெரியும் என்று யோசித்த மூப்பர், தினமும் அந்த ஜீப்பில் யார் ஏறிப் போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

விடிவதற்குள் கம்பம்மெட்டு எல்லையைத் தாண்டி நான் கொண்டுபோய் இறக்குவது இந்தப் பெண்களைத்தான். ஏலக்காய் பறித்து, கூலிக்கு வாதாடி, அங்கே பகல் முழுக்க இவர்கள் பேசுவது மலையாளம். சாயங்காலம் கீழே இறங்கினால் அதை வீட்டில் யாரும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை. என் ஜீப்பில் முன் சீட் பொன்னாத்தாளுக்கு. அவர் மலையாளத்தில் சண்டைக்கு நின்றால் சூப்பர்வைசர் தொப்பியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான்.

பிரசங்கியார் சொன்னதும் அவர்களுக்கு விளங்கியது, மகிமா சொன்னதும் விளங்கியது.

சபையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது என்று அவர் வாசித்தார். அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் ஒருத்தியும் திறக்கவில்லை.