தாங்கிய பட்டை

புகைபோக்கிக்கு வண்ணம் பூசும்போது கால் வழுக்கிய லூர்துசாமியை, இடுப்பிலும் தொடைகளிலும் சுற்றி மாட்டியிருந்த பாதுகாப்புப் பெல்ட்தான் அந்தரத்தில் பிடித்து நிறுத்தியது. மறுநாள் பாதுகாப்பு அதிகாரி நஸ்ரின் அந்தப் பெல்ட்டையும் ஒரு கத்தியையும் அவன் முன் வைத்தார்.

“நீங்களே அறுத்துடுங்க. ஒரு தடவை ஆளத் தாங்கிட்டா, மறுபடி யாரும் அத மாட்டக் கூடாது.”

“உசுரக் காப்பாத்துனதுங்க மேடம்.”

“அதனாலதான். அந்த இழுப்புல உள்ள நைஞ்சிருக்கும்.”

தொடைப்பட்டையில் கத்தியை வைத்தான். அதே அகலத்துக்கு அவன் தொடையில் ரத்தம் கன்றிய தடம் இருந்தது. எவ்வளவு அழுத்தியும் பட்டை நூல் நூலாகத்தான் விட்டுக்கொடுத்தது. நைந்ததற்கே இவ்வளவு பிடிவாதம்.

கடைசி நூல் அறுந்த கணத்தில், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தவனின் இடக்கை பாய்ந்துபோய் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டது.