தாண்டிவிட்டதே

“எனக்கு இடம் போதவில்லை, எனக்கு இடம் போதவே இல்லை” என்று மருந்துத் தொட்டி மறுபடியும் ஆரம்பித்தது. பயிருக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்த கொட்டகை அது. வரைபடப் பென்சில் உடனே தொட்டியை இன்னும் அகலமாக வரைந்தது. பென்சிலுக்கு என்ன, அதுவா சுமக்கப்போகிறது?

“நான் அதே பழைய எஞ்சின்தானே, அக்கா?” என்றது எஞ்சின்.

“இத்தனை நாள் பழைய விமானத்தை இழுக்கவில்லையா? முனகாமல் இழு” என்றது தொட்டி.

சோதனை நாளன்று தொட்டியைக் கழுத்துவரை நிரப்பினார்கள். ஓடுபாதை முடிகிற இடத்தில் தென்னை வரிசை. எஞ்சின் பிஸ்டன்கள் தெறிக்க இழுத்துப் பார்த்தது. தரையை விட்டுக் கிளம்பிய விமானம் அதற்குமேல் ஏறவில்லை. மரங்கள் முகத்துக்கு நேரே வந்துவிட்டன. பைலட் சூசை, “மாதாவே!” என்று அவசரக் கைப்பிடியை இழுத்தார். தொட்டியின் அடிக்கதவு திறந்து மருந்து மொத்தமும் கீழே கொட்டியது. சுமை போன விமானம் ஓலைகளை உரசிக்கொண்டு மேலே ஏறியது.

திரும்பி வந்தபோது சக்கரத்தில் ஒரு தென்னங்கீற்று சிக்கியிருந்தது. சூசை இறங்கி, கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தாண்டிவிட்டதே! நான் சொல்லவில்லை?” என்றது தொட்டி.

“தாண்டிவிட்டது, தாண்டிவிட்டது” என்று பென்சில் தொட்டிக்கு இன்னொரு விரற்கடை சேர்க்கக் குனிந்தது.

“ஐயா, தாண்டும்போது அக்கா வயிறு காலி” என்றது எஞ்சின். “கோடு போடுமுன் சூசையை ஒரு வார்த்தை கேளுங்களேன்.”