உள்ளே நலமாக இருக்கிறார்

போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்று ஊர் நம்பியது. அதனால் சபாபதி தன் ஸ்டூடியோ வாசலில் தன் படத்தையே மாட்டி, அடியில் ஒரு பலகை வைத்தார்: "இவர் உள்ளே நலமாக இருக்கிறார். குடும்பத்தோடு வந்து பாருங்கள்." வந்தவர்களில் சிலர் அவர் கையைத் தொட்டுக்கூடப் பார்த்தார்கள். அவர் மனைவி கோமளம் மட்டும் கேமரா முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

மாசியில் சபாபதி காய்ச்சலில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்த அன்று, புதுத்துணி உடுத்திய குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்தது.

"படத்துல இருக்கறவரு எங்கம்மா?"

கோமளத்தின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் குழந்தைகளின் தாய் அவர்களை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்று கணவனைக் கடிந்தாள்.

கோமளம் சபாபதியின் படத்தைக் கழற்றினாள். பலகையைக் கழற்றவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவிடம் தொழில் பழகியிருந்த மகளிடம், "என்னை எடுடி" என்றாள்.

"உனக்குத்தான் பயமாச்சேம்மா."

"பயந்தான். எடு."

"மூச்சை அடக்கிக்கோ. அசையாதே."

மகள் லென்ஸின் மூடியைத் திறந்தாள். சற்று நேரம் கழித்து மூடினாள்.

வாசலில் நின்ற குடும்பம், கோமளம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தது.