யார் போட்ட ஜாயின்ட்?

“ஃபியூஸ் நல்லாருக்கு, ரிலேயும் நல்லாருக்கு. ஆனா கம்ப்ரஸருக்குக் கரன்ட் போகலை.” மெக்கானிக் டெஸ்ட் லைட்டோடு பானெட்டுக்குள் தலையை விட்டான். “இதுக்கு முன்னாடி இந்த ஏ.சி. ஒயர்ல யாரு கை வெச்சது?”

“ரெண்டு மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் பாத்தாரு. நல்ல கைகாரர்னு சொன்னாங்க,” என்றார் காருக்குச் சொந்தக்காரர்.

ஒயரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தவன், தலையில் அடித்துக்கொண்டான்.

“கிழிச்சான்! சால்டர் வைக்காம சும்மா முறுக்கி விட்டிருக்கான். வண்டி குலுங்கினா கழண்டுக்காதா? இவனெல்லாம் ஒரு மெக்கானிக்!”

அவர் தொண்டையைச் செருமினார். அவன் நிறுத்துவதாக இல்லை.

“இந்த லட்சணத்துல வேலை பாக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுத்தான்?”

“நான்தான் குடுத்தேன், மாப்பிள்ளை. நீங்க கை வெச்சதும் ஏ.சி. ஜில்லுனு வந்துச்சே, அதுல மயங்கிட்டேன்.”