வயிற்றுவலி சர்ட்டிபிகேட்

மகள் மறுபடியும் கணக்குப் பரீட்சையைக் கோட்டை விட்டாள். வயிற்றுவலியாம். இது மூன்றாவது முறை.

டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் மறுபரீட்சை கிடையாது. மறுபரீட்சை இல்லாவிட்டால் இந்த வருஷம் ஃபெயில். கணக்கு டீச்சர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். கையோடு ஓர் ஆன்லைன் டாக்டரின் லிங்க்கையும் அனுப்பினார். இவரிடமே வாங்க வேண்டுமாம்.

"கமிஷன் இல்லாம எந்த டீச்சர் லிங்க் அனுப்புவாங்க?" என்றார் அப்பா. லாரி டிரைவர். அன்றைக்கு லோடு வேறு காத்துக் கிடந்தது.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றாள் அம்மா.

போனில் டாக்டர் முகம் வந்தது.

"வயித்துவலினு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும் சார். அவசரம்" என்றார் அப்பா.

"அவசரம் உங்களுக்குத்தானே. பொண்ணைக் கூப்பிடுங்க."

மகள் வந்து உட்கார்ந்தாள். டாக்டர் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எதிர்ச் சுவத்துல என்னம்மா இருக்கு?"

"காலண்டர்."

"என்ன தேதி? எந்திரிக்காம சொல்லு."

கண்ணைச் சுருக்கினாள். "எட்டு... இல்ல, ஆறு."

கொட்டை எழுத்தில் மூன்று.

"டாக்டர்கிட்ட என்ன விளையாட்டு?" அப்பா அதட்டினார்.

"அவ விளையாடல. ஏம்மா, கணக்குப் பரீட்சைக்கு மட்டும் ஏன் வயிறு வலிக்குது?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "அதுக்கு மட்டும்தான் கேள்வியைப் போர்டுல எழுதிப் போடுவாங்க. மத்ததெல்லாம் பேப்பர்ல வரும்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். படிக்காததுக்குச் சாக்குன்னார்."

டாக்டர் அப்பா பக்கம் திரும்பினார். "உங்க கண்ணை எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"லைசென்ஸ் புதுப்பிக்கிறப்பல்லாம்."

"பொண்ணு கண்ணை?"



வயிற்றுவலி சர்ட்டிபிகேட் வரவில்லை. பார்வைக் கோளாறு, கண்ணாடி போட்டபின் மறுபரீட்சை வைக்கவும் என்று வந்தது. அன்று லாரி கிளம்பவில்லை. அப்பாவும் மகளும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மறுபரீட்சையை வேண்டுமென்றே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பேப்பரை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படிங்கப்பா. தெரியுதா?"

அப்பாவுக்குத் தெரிந்தது. போனில் டாக்டரைக் கூப்பிட்டார்.

"பாத்த உடனே பிடிச்சிட்டீங்களே சார். கெட்டிக்காரர் நீங்க."

"நான் எங்க பிடிச்சேன்? வயித்துவலினு வர்றவங்க கண்ணை எந்த டாக்டர் பாப்பான்? 'அப்பாகிட்ட நேரா சொன்னா சாக்குனு தள்ளிடுவார். சர்ட்டிபிகேட் கேட்டு உங்ககிட்ட அனுப்பிடறேன், கண்ணை மட்டும் பாத்துடுங்க'னு முன்னாடியே போன் வந்துடுச்சு."

"யாரு சார் பேசினது?"

"கணக்கு டீச்சர்."